ஒரே ஊர், இரண்டு தொண்டை

பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டார்கள்! வாருங்கள், என் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வாருங்கள். பார்த்து, தரையெல்லாம் பூட்ஸ். அதன் மேலே புத்தகப் பைகள், அவற்றின் மேலே மலைபோல் குவிந்த குளிர்கோட்டுகள். யாரோ பாதி கடித்த ஆப்பிளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பாடப் போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், நார்த்ஃபீல்டு என்ற சின்ன ஊர். ஊருக்கு மேற்கே குன்றின் மேல் நிற்கும் செயின்ட் ஓலாஃப் கல்லூரியின் இசைக் கட்டடத்துக்குள் நிற்கிறோம். மாதம் நவம்பர்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் எப்போதோ வந்துவிட்டது!

இந்த ஊரில் கானன் நதிக்கு இரண்டு பக்கமும் இரண்டு கல்லூரிகள். கிழக்கே 1866-இல் தொடங்கிய கார்ல்டன். மேற்கே நார்வேயிலிருந்து குடியேறிய லூத்தரன்கள் 1874-இல் தொடங்கிய செயின்ட் ஓலாஃப். ஒரு துறைக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் வேதியியலும் தத்துவமும் நாடகமும் கலந்து படிக்கிற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் இரண்டும். விளம்பரக் கையேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதே சிவப்பு இலைகள், புல்வெளியில் அதே சிரிப்பு. எது எந்தக் கல்லூரி என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் உங்களைப் பின்வாசலுக்கு இழுத்து வந்தேன்.

உள்ளே எட்டிப் பாருங்கள். முதலாண்டுப் பையன்களின் குழு. நடத்துநர் ஒரே ஒரு உயிரெழுத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். பாடுகிறார்கள், கையைத் தூக்கி நிறுத்துகிறார். மறுபடி பாடுகிறார்கள், மறுபடி நிறுத்துகிறார். வாயை இன்னும் கொஞ்சம் குவிக்க வேண்டுமாம். என் காதுக்கு முதல் தடவையே சொர்க்கம்! பின்வரிசையில் ஒருவன் இசைத்தாளுக்கு அடியில் வேதியியல் அட்டைகளைச் செருகி வைத்திருக்கிறான். நடத்துநர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு அட்டை புரள்கிறது.

நீண்ட சுரம் ஒன்று வந்தது. இத்தனை பேரும் மூச்சே விடாமல் பாடுகிறார்களே என்று வாயைப் பிளந்தேன். இடைவேளையில் வியர்வையைச் சட்டைக் கையால் துடைத்தபடி ஒருவன் ரகசியத்தை உடைத்தான். “பக்கத்துல இருக்கறவன் மூச்சு எடுக்கறப்போ நான் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.” ஒருவன் விட்ட இடத்தை அடுத்தவன் நிரப்புகிறான். கேட்பவருக்குச் சுரம் அறுபடுவதே இல்லை. இதைக் கேட்ட பிறகு யார் எப்போது மூச்சு வாங்குகிறார்கள் என்பதைத் தவிர வேறெதையும் பார்க்க மனம் வரவில்லை.

1912-இல் எஃப். மெலியஸ் கிறிஸ்டியான்சன் தொடங்கிய கிறிஸ்துமஸ் விழாவுக்காகத்தான் இவ்வளவு பாடும். ஐந்து பாடகர் குழுக்கள், ஓர் இசைக்குழு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள். இவர்களில் பெரும்பாலோர் இசையைப் பட்டப்பாடமாக எடுத்தவர்கள் அல்ல. உயிரியலும் கணக்கும் படிக்கிறவர்கள். மேடை ஏறப்போவது எங்கே தெரியுமா? விளையாட்டு அரங்கத்தில்! பந்து துள்ளிய இடத்தில் படிப்படியாக மேடை கட்டி, ஊதா வெல்வெட் அங்கி போட்ட மூத்த குழு கைகோத்து நின்று பாடும். நார்வே ஸ்வெட்டர் போட்ட கூட்டம் கேட்டுவிட்டு, காரநீரில் ஊறவைத்துக் கொழகொழப்பாக்கிய லுட்டஃபிஸ்க் என்ற மீனைச் சாப்பிடப் போகும். மீனைப் பற்றிக் கேட்டதும் பையன்கள் முகத்தைச் சுளித்த அழகைப் படம் எடுக்காமல் போனேனே!

சரி, குன்றை விட்டு இறங்குவோம். நதிக்கரையில் பிரிட்ஜ் சதுக்கம். உள்நாட்டுப் போர் நினைவுத்தூணின் உச்சியில் இருக்கும் கழுகை நன்றாகப் பாருங்கள். இரண்டு கல்லூரிகளும் மோதும் கால்பந்து ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்களோ அந்தப் பக்கம் கழுகின் முகத்தைத் திருப்பி வைப்பது இந்த ஊர் வழக்கம். அமெரிக்கக் கால்பந்துதான். 1977-இல் கார்ல்டனின் வேதியியல் பேராசிரியர் ஒருவர் கிளப்பிவிட்ட யோசனையால் கெஜக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மீட்டர் கணக்கில் ஓர் ஆட்டம் ஆடினார்கள். பெயர் லிட்டர் பவுல்! செயின்ட் ஓலாஃப் 43-0 என்று நொறுக்கியது. கார்ல்டன்காரர்களிடம் கேட்டால் இன்றும் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். “ஜெயிச்சது அவங்க. ஐடியா எங்களோடது.” அந்தக் கல்லூரியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வாக்கியம் போதும் என்பேன்.

பாலம் தாண்டியாயிற்று. காற்றில் வறுத்த தானிய வாசனை, ஊரிலேயே இருக்கும் காலையுணவு சீரியல் ஆலையின் உபயம். இதோ கார்ல்டன். மணி ஒன்பதைத் தொடுகிறது. இங்கே மேடையும் இல்லை, திரையும் இல்லை. பின்கட்டு என்று ஒன்று உண்டென்றால் அது ஒரு சமையலறை.

கதவைத் தட்டாதீர்கள், தள்ளினால் திறக்கும். டேசி மோசஸ் வீடு. கல்லூரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த டேசி மோசஸ், மாணவர்களுக்குத் தன் வீட்டைத் திறந்தே வைத்திருந்தார். 1981-இல் அவர் காலமானபோது வீட்டைக் கல்லூரிக்கே எழுதி வைத்திருந்தார். மாவு, வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட் துண்டுகள் எப்போதும் இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து குக்கீ சுடலாம், காசு கிடையாது. நிபந்தனை ஒன்றுதான்: சுட்டதை மற்றவர்களுக்கும் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இன்று இரவு அந்தச் சமையலறை கல்யாண வீட்டு அடுப்படி. நாளை தேர்வு. சமையல் மேடையில் மாவுக் கை பதிந்த புள்ளியியல் குறிப்புகள். முட்டையை உடைத்துக்கொண்டே ஒரு பெண் தன் காம்ப்ஸைப் பற்றிப் பொருமுகிறாள் (இறுதியாண்டில் எல்லோரும் முடித்தாக வேண்டிய பெரிய ஆய்வுக்கு இங்கே அதுதான் பெயர்). பக்கத்தில் நிற்பவன் தலையாட்டிக்கொண்டே பச்சை மாவை விரலால் வழித்து வாயில் போடுகிறான். பத்து வாரத்துக்குள் ஒரு பருவமே முடிந்துவிடுகிற கல்லூரி இது. நவம்பரில் எல்லோர் கண்ணுக்குக் கீழும் கருவளையம். அவன் என்னிடமும் ஒரு கரண்டியை நீட்டினான். மாவை அள்ளித் தட்டில் வைத்தேன். கோணல்மாணலாக வந்தது. “சூப்பர்!” என்றார்கள். குன்றின் மேல் அந்த உயிரெழுத்துக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காத பாராட்டு!

குறும்புக்கும் இங்கே குறைவில்லை. ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் மார்பளவுச் சிலை ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகத் திருடி, ஒளித்து, திடீரென்று கூட்டத்தில் தூக்கிக் காட்டிவிட்டு ஓடுகிறார்கள். அதிபர் கிளின்டன் பட்டமளிப்பு உரையாற்ற வந்த 2000-ஆம் ஆண்டிலும் சிலை தலைகாட்டியது. இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். நாலு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் பார்த்தார்கள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம். “சீக்கிரம், சீக்கிரம்!” கையில் சூடான குக்கீயோடு விடுதிக்கு ஓடுகிறோம். மாடி அறை. ஜன்னலைத் தூக்கியதும் உறைய வைக்கும் காற்று. எதிர்க் கட்டடத்திலும் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். தேர்வுக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு வளாகமே சேர்ந்து அலறுவது கார்ல்டன் சம்பிரதாயம். மணி பத்து. ஆஆஆஆ! சுருதி கிடையாது, நடத்துநர் கிடையாது. பத்து வாரத் தூக்கமின்மையும் துக்கமும் தொண்டை வழியாகக் கொட்டுகின்றன. நானும் கத்தினேன், அடிவயிறு வரை லேசானது.

முட்டை உடைத்த பெண் கைபேசியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தாள். மறுமுனையில் அவளுடைய பள்ளித் தோழி, செயின்ட் ஓலாஃப் பாடகி. இந்த அலறலைப் பருவம் தவறாமல் கேட்க வைக்கிறாளாம். ஆனால் இவள் ஒரு தடவைகூடத் தோழியின் கிறிஸ்துமஸ் விழாவுக்குப் போனதில்லை. விழா வருவதற்குள் கார்ல்டனுக்கு நீண்ட விடுமுறை தொடங்கி எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இந்த வருடம் பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறாள், டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது.

“எப்படி இருந்தது?” என்று கைபேசியில் கேட்டாள், தொண்டை கட்டிய குரலில்.

“எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு வாங்கிட்டீங்க,” என்றது மறுமுனை. “நடுவுல ரெண்டு தடவை அறுந்துபோச்சு.”

அறையே வெடித்துச் சிரித்தது. “இன்னொரு தடவை! இந்தத் தடவை மாத்தி மாத்தி மூச்சு எடுங்க!” என்று அவள் கத்த, பக்கத்து ஜன்னலுக்கும் செய்தி பறந்தது.