எலும்பை வளைத்த நீரும் சோளமும்: நுண் தாதுக்கள் பற்றி நல்கொண்டா சொல்வது என்ன?

ஐதராபாத்: எலும்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கால்சியம் மட்டுமே. ஆனால், மிகச் சிறிய அளவில் உடலுக்குள் செல்லும் நுண் தாதுக்களும் எலும்பின் உறுதியைத் தீர்மானிக்கின்றன. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டம் இதற்குக் கண்கூடான சான்றாகும்.

நிலத்தடிப் பாறைகளிலிருந்து குடிநீரில் கரையும் ஃபுளோரைடு, அளவு மீறினால் ஃபுளோரோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. இந்தியாவில் இந்நோய் 1937-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. ஃபுளோரைடு எலும்பின் படிகங்களுக்குள் இடம்பிடித்துக்கொள்கிறது. அத்தகைய எலும்பு எக்ஸ்ரே படத்தில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் எளிதில் முறியக்கூடியது. மூட்டுகளை இணைக்கும் தசைநார்களிலும் கால்சியம் படிவதால் கழுத்தும் முதுகும் விறைத்துப்போகின்றன.

வளரும் பருவத்தில் வளைந்த கால்கள்

நல்கொண்டாவில் வேறொரு பாதிப்பும் வெளிப்பட்டது. வளரும் பருவத்தினர் சிலருக்கு முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து ஒன்றோடொன்று முட்டின. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் 1973-இல் இதனை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். பாதிக்கப்பட்டோரின் முதன்மை உணவு சோளம். அப்பகுதிச் சோளத்தில் மாலிப்டினம் என்னும் நுண் தாது மிகுந்திருந்தது.

மாலிப்டினம் மிகும்போது உடலில் தாமிரத்தின் பயன்பாடு குறைகிறது. எலும்பின் சட்டகமான கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதி, தாமிரம் இன்றி இயங்காது. எனவே ஃபுளோரைடு ஒருபுறமும் தாமிரக் குறைவு மறுபுறமும் சேர்ந்தே எலும்பை வளைத்தன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 1967-இல் திறக்கப்பட்ட நாகார்ஜுன சாகர் அணையால் சுற்றுப்புற நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, மண்ணின் காரத்தன்மை கூடியதால் பயிர்கள் மாலிப்டினத்தை அதிகம் உறிஞ்சின என்றும் அவர்கள் கருதினர்.

இதனால் சோளம் தீய உணவு என்று பொருளல்ல. நச்சு நீரும், கால்சியம் குறைந்த ஒரே வகை உணவும் இணைந்ததே சிக்கல்.

உணவு எவ்வளவு உதவும்?

ஒரே அளவு ஃபுளோரைடு உட்கொண்டாலும், கால்சியம் குறைவாக உண்போருக்கே எலும்பு உருக்குலைவு கடுமையாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை எனப் பரிந்துரைக்கிறது. பால், தயிர் வாங்க இயலாத வீடுகளுக்குக் கேழ்வரகு எளிய மாற்று. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. எலும்பை உருவாக்கும் செல்களுக்குத் தேவையான துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு ஆகியவை பயறுகள், எள், நிலக்கடலை போன்றவற்றில் கிடைக்கின்றன. மறுபுறம், ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் வாழ்வோர் கடுந்தேநீரையும் கருப்பு உப்பையும் தவிர்ப்பது நல்லது.

புளியும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பள்ளிச் சிறுவர்களிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 10 கிராம் புளி உண்டபோது சிறுநீர் வழியே ஃபுளோரைடு வெளியேறுவது அதிகரித்தது. ஆய்வு சிறியது, புளி மருந்தாகிவிடாது. ஏற்கெனவே வளைந்துவிட்ட எலும்பை எந்த உணவாலும் நிமிர்த்த இயலாது.

ஆகவே முதல் தேவை பாதுகாப்பான நீரே. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதபோது மட்டும் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் பிரிக்கும் முறை, ‘நல்கொண்டா முறை’ என்றே இம்மாவட்டத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. தமிழ்நாட்டில் இதே சிக்கலை எதிர்கொண்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வாயிலாகக் காவிரி நீர் வழங்கப்படுகிறது.