வைட்டமின் சி போலத் தோன்றும் ஒரு சேர்க்கைப் பொருள்

சாசேஜ், சலாமி போன்ற பதப்படுத்திய இறைச்சிப் பொட்டலங்களின் பின்புறத்தில் ஐ.என்.எஸ். 316 என்னும் எண்ணைக் காணலாம். "இதுவும் வைட்டமின் சி தானே டாக்டர், புண் ஆற உதவுமா?" என்று உடனிருப்போர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. வேறு சிலரோ, இது உடலிலுள்ள வைட்டமின் சி-யைக் குறைத்துவிடும் என்று அஞ்சுகின்றனர். இரண்டுக்கும் விடை கூற விரும்புகிறோம்.

315 என்பது எரித்தார்பிக் அமிலம். 316 அதன் சோடியம் உப்பு. இறைச்சியின் நிறமும் சுவையும் கெடாமல் காப்பதே இதன் பணி. வைட்டமின் சி-யில் உள்ள அதே அணுக்கள் அதே எண்ணிக்கையில் இதிலும் உள்ளன. ஓரிடத்தில் அவை அமைந்திருக்கும் திசை மட்டும் வேறு. வலக்காலுக்கு இடக்கால் செருப்பைப் போட்டாற்போல, இது நம் உடலுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. ஸ்கர்வி என்னும் வைட்டமின் சி குறைபாட்டு நோயைத் தடுப்பதில் இதன் ஆற்றல் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே.

அச்சத்திற்குக் காரணம் விலங்குச் சோதனைகளே. ஆடு, மாடு, நாய், எலி ஆகியவை தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. உயிரினங்களிடையே இத்திறன் தோன்றி மறைந்த வரலாற்றைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஐ. பி. சாட்டர்ஜி 1973இல் 'சயின்ஸ்' இதழில் விளக்கினார். மனிதர்க்கும் கினிப்பன்றிக்கும் அத்திறன் இல்லை. ஆகவே இவ்வகை ஆய்வுகளுக்குக் கினிப்பன்றியே ஏற்றது. எரித்தார்பிக் அமிலத்தை மிகுதியாகப் பெற்ற கினிப்பன்றிகளின் உறுப்புகளில் வைட்டமின் சி-யின் சேமிப்பு குறைந்தது.

ஆனால், அமெரிக்காவில் இளம் பெண்களிடம் நடந்து 1996இல் வெளியான ஆய்வில் அத்தகைய இழப்பு காணப்படவில்லை. மனித உடல் எரித்தார்பிக் அமிலத்தை விரைவில் வெளியேற்றிவிடுகிறது. விலங்கில் கண்டது ஒவ்வொன்றும் மனிதர்க்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ஆகவே 316 என்னும் எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதை வைட்டமின் சி கணக்கில் சேர்க்கவும் கூடாது. இத்தகைய இறைச்சியில் உப்பு மிகுதி. இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவர்கள் தவிர்ப்பது நன்று.

ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்படி நாளொன்றுக்கு ஆண்களுக்கு 80 மில்லிகிராமும் பெண்களுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி தேவை. மதுரைக் கடைகளில் கிடைக்கும் ஆயக்குடிக் கொய்யா ஒன்றே இதற்குப் போதும். 100 கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உள்ளது. நெல்லிக்காயும் இதற்கு இணையானது. வெப்பத்தில் வைட்டமின் சி குறையும் என்பதால், எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழியுங்கள்.

பல நாட்களாகக் கஞ்சியும் ரொட்டியும் மட்டுமே உண்ணும் முதியவர்களைக் கவனியுங்கள். ஈறில் இரத்தக் கசிவு, காரணமின்றித் தோலில் கன்றிய தடங்கள், ஆறாத புண் ஆகியவை தென்பட்டால் எங்களிடம் தெரிவியுங்கள். சிறுநீரக நோய், நீரிழிவு, சிறுநீரகக் கல் உடையவர்கள் பழத்தின் அளவையும் வைட்டமின் சி மாத்திரையையும் மருத்துவரைக் கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.