நி-யை மிதித்தால் அவுட்!

வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு பீரியட். அதுவும் வெள்ளிக்கிழமை கடைசியில். பரீட்சை வந்தால் அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். ஆபீஸில் நாம் பேனா கடன் கொடுப்போமே, அந்த மாதிரிக் கடன்!

பாட்டு டீச்சரான என் அக்கா ஒருநாள் புலம்பினாள். "அடுத்த வெள்ளிக்கிழமை ஹெச்.எம். வந்து பார்க்கப் போறாங்கடா. பசங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னா பீரியடையே எடுத்துடுவாங்க."

எட்டாம் வகுப்புப் பையன்களிடம் 'ஆரோகணம் என்றால் என்ன?' என்று போர்டில் எழுதிப் போட்டால் கொட்டாவிதான் வரும். அக்காவுக்கு ஒரு யோசனை. மாடிப்படியில் எட்டுப் படிக்கு ச, ரி, க, ம, ப, த, நி, மறுபடி ச என்று சாக்பீஸால் எழுதிவிட்டாள். ஏறினால் ஆரோகணம், இறங்கினால் அவரோகணம். அவ்வளவுதான் பாடம்.

அவளை ஸ்கூட்டரில் கொண்டுவிடப் போன என்னையும் இழுத்துவிட்டார்கள். "மாயாமாளவகௌளை!" என்றால் எட்டுப் படியும் மிதிக்கணும். சரளி வரிசை தொடங்குகிற ராகம், சிக்கல் இல்லை. "மோகனம்!" என்றால்தான் வம்பு. அதில் ம-வும் நி-யும் கிடையாது, தாண்டணும். தொப்பையோடு ஏறிவிட்டேன். இறங்கும்போது கால் நி-யில் பட்டுவிட்டது. "அங்கிள் அவுட்!"

அடுத்த ரவுண்டு பழந்தமிழ்ப் பெயர்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். அக்கா "இளி!" என்று கத்தியதும் மொத்த வகுப்பும் பல்லைக் காட்டிக்கொண்டு ப-வுக்கு ஓடியது. இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

ஒரு பையன் மட்டும் ஓரமாக நின்றான். குரல் உடைகிற வயசு. வாயைத் திறந்தால் சிரிப்பார்களே என்று பயம். எனக்கும் பதின்மூன்று வயசில் அப்படித்தான் உடைந்தது. பாட்டு வாத்தியார், "நீ கொஞ்ச நாள் சும்மா இருப்பா" என்றார். இன்றுவரை சும்மாதான் இருக்கிறேன்.

அக்கா அவனைத் தாள அம்பயர் ஆக்கிவிட்டாள். ஆதி தாளத்துக்கு ஒரு லகு, இரண்டு த்ருதம். லகுவில் ஒரு தட்டு, சுண்டு விரலிலிருந்து மூன்று விரல்; ஆக நாலு. த்ருதம் தட்டு, வீச்சு; ஆக இரண்டு. 4+2+2=8. பி.காம். படித்த எனக்கே முதல் தடவையில் டாலி ஆகவில்லை. அவனுக்கு ஆயிற்று.

வெள்ளிக்கிழமை ஹெச்.எம். அம்மா வந்தார். நேராக அவனிடமே, "த்ருதம்னா என்னப்பா?"

அக்காவுக்கு வயிறு கலங்கியதாம். பையன் வாயைத் திறக்கவில்லை. தொடையில் ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. இரண்டு விரலைக் காட்டினான். அப்புறம் மெதுவாக, கரகரவென்று, "ரெண்டு அட்சரம், மேடம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

பீரியட் பிழைத்தது. திங்கட்கிழமை கணக்கு வாத்தியார் மறுபடியும் கடன் கேட்டு வந்தார். இந்தத் தடவை பீரியட் வேண்டாமாம், மாடிப்படி போதுமாம். நெகடிவ் நம்பர் சொல்லித் தரணுமாம்.