துருவன் தாழ, தென்வானம் உயர: ஆழ்வானப் படக்கலைக்குத் திரும்புவோர்க்கு

திருவனந்தபுரத்துக்கும் வானநூலுக்கும் பழைய உறவு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் இங்கே வானோக்கு நிலையம் நிறுவினார். பிலிம் காலத்தில் வானத்தைப் படமெடுத்து, பிறகு தொழில், குடும்பம்னு விட்டுவிட்ட அன்பர்கள் நம் வலியசாலையிலும் இருக்கலாம். மறுபடி தொடங்க விரும்புவோருக்கே இவ்விளக்கம்.

ஆழ்வானம் என்பது சூரிய குடும்பத்துக்கு அப்பாலுள்ள விண்மீன் கொத்துகள், வாயுமேகங்கள், அண்டங்கள். ஒளி மிக மங்கல். ஹென்றி டிரேப்பர் 1880-இல் ஓரியன் மேகத்தை முதன்முதலாகப் படமெடுத்தபோது 51 நிமிடம் ஒளி சேர்த்தார்.

பிலிமில் நேரம் கூடக்கூட உணர்திறன் குறையும். நடுவில் தொலைநோக்கி அசைந்தால் எல்லாம் வீண். இப்போது டிஜிட்டல் காமிராவில் 30 விநாடிப் படங்கள் 64 எடுத்து, கணினியில் அடுக்கிச் சராசரி காண்கிறோம். கெட்டதைத் தள்ளிடலாம். கணக்கு எளிது: 16 படம் அடுக்கினால் புள்ளியிரைச்சல் கால் பங்கு, 64 என்றால் அரைக்கால். பாதியாக்க நாலு மடங்கு உழைக்கணும்!

மாறாதது ஒன்று: தாங்கியின் அச்சு வடதுருவத்தை நோக்கணும். நம்மூர் அட்சரேகை எட்டரைப் பாகை. துருவ நட்சத்திரமும் ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான். தென்னையும் மாடியும் மறைச்சிடும். கவலை வேண்டாம். ஓரியன் இடுப்பு விண்மீன் ஒன்று உச்சிக்கு வரும்போது மோட்டாரை ஓடவிட்டுப் பாருங்கள். அது வடக்கே நகர்ந்தால் அச்சு மேற்கே சாய்ந்திருக்கு. தெற்கே நகர்ந்தால் கிழக்கே. பிறகு கீழ்வானில் உதித்து வரும் விண்மீனைப் பாருங்கள்: வடக்கே போனால் அச்சு உயரம் அதிகம், தெற்கே போனால் குறைவு.

பழைய லென்ஸைத் தூக்கிப்போடாதீங்க. முதலில் விளக்கொளியில் பூஞ்சை பிடிச்சிருக்கான்னு பாருங்க. சிலிக்கா ஜெல் போட்டு மூடிய டப்பாவில் வையுங்க. தாங்கியில் இறுகிய கிரீஸை மாற்றணும்.

துருவன் தாழ்ந்த நஷ்டத்துக்குத் தெற்கே லாபம் உண்டு. ஓமெகா செண்டாரி என்னும் உருண்டைக் கொத்தில் சுமார் ஒரு கோடி விண்மீன்கள். தொலைவு ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு. டில்லியில் அது 14 பாகைதான் எழும், இங்கே 34. லண்டனில் உதிப்பதே இல்லை. நகர வெளிச்சத்தில் வாயுமேகங்களைவிடக் கொத்துகள் நன்றாக விழும். மார்ச் மாதம் நள்ளிரவுக்குப் பின், இடவப்பாதி மழைக்கு முன்னால், பேரப்பிள்ளைகளையும் எழுப்பிக் காட்டுங்கள். வடக்கேயும் மேல்நாட்டிலும் இருக்கும் உறவினருக்குக் கிடைக்காத வானம் நமக்கு மொட்டைமாடியிலேயே இருக்கு.