முகத்தைச் சுற்றி ஓர் ஒளி: சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸைத் தேர்ந்தெடுப்பது

சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் ஒரே நேரத்தில் இரண்டு பிம்பங்களை ஃபிலிமில் விழச் செய்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி வழியாக வரும் கதிர்கள் கூர்மையான பிம்பத்தை உண்டாக்குகின்றன. ஓரத்தின் வழியாக வரும் கதிர்கள் சற்று முன்னதாகவே குவிந்து, பிறகு விரிந்து, அந்தக் கூர்மையான பிம்பத்தின் மேல் மெல்லிய ஒளிப் படலமாகப் படர்கின்றன. இயற்பியல் பாடத்தில் கோளப் பிறழ்ச்சி என்று வரும் குறை இதுதான். மற்ற லென்ஸ்களில் இதைப் போக்கப் பாடுபடுகிறார்கள்; இதில் வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். ஃபோகஸ் தவறிய படத்தில் இமைமயிர் கரைந்து காணாமல் போகும். நல்ல சாஃப்ட் ஃபோகஸ் படத்தில் இமைமயிர் தனித்தனியாகத் தெரியும், அதன் மேல் ஒளியும் படர்ந்திருக்கும்.

தென்கேரளத்தின் வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கல்யாண வீடு ஒன்றை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கசவுக் கரை போட்ட நேரியது உடுத்த பெண் ஜன்னலோரம் நிற்கிறாள். பின்னால் இருண்ட அறை. கசவின் பொன்னிழை, மூக்குத்தி, எண்ணெய் தேய்த்த கூந்தலின் பளபளப்பு ஆகிய மூன்றும் படத்தின் மிகப் பிரகாசமான இடங்கள். இந்த லென்ஸில் அவை மூன்றும், மார்கழிப் பனியில் தெருவிளக்கைப் போல, தம்மைச் சுற்றி ஒளிவட்டம் கட்டிக்கொள்ளும். வெளிச்சம் இருளுக்குள் கசிவதுதான் இந்த லென்ஸின் வேலை. அதனால் கசிய வெளிச்சமும் வேண்டும், அதை வாங்கிக்கொள்ள இருளும் வேண்டும். மேகம் மூடிய நாளில், வெள்ளைச் சுவர் முன்னால், வெள்ளை உடையில் ஒருவரை நிறுத்தினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் சாம்பல் நிறக் கஞ்சியைத்தான் தரும்.

1840இல் யோசெஃப் பெட்ஸ்வால் வடிவமைத்த உருவப்பட லென்ஸ், நடுவில் கூர்மையும் ஓரத்தில் நெகிழ்வும் கொண்டது. லண்டனில் ஜான் ஹென்றி டால்மேயர் 1866இல் அதை மாற்றி அமைத்து, பின்கண்ணாடியைத் திருகித் தளர்த்தினால் மென்மை கூடும்படி செய்தார். அதே காலத்தில் பெரிய தகடுகளில் முகங்களை நெகிழ்வாகப் படமெடுத்துப் பேரெடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் பிறந்த அவர் 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்து, தோட்டத் தொழிலாளர்களான தமிழர்களையும் படமெடுத்து, 1879இல் அங்கேயே இறந்தார். அவருடைய மென்மை தனி லென்ஸால் வந்ததன்று. அகலத் திறந்த துளையாலும், நீண்ட எக்ஸ்போஷராலும், ஃபோகஸைத் தமக்குப் பிடித்த இடத்தில் நிறுத்தியதாலும் வந்தது. மென்மைக்கென்றே செய்த லென்ஸ்கள் அவர் காலத்துக்குப் பிறகுதான் வந்தன: 1890களில் டால்மேயர்-பெர்கைம், 1901இல் பாஸ்டனின் பிங்க்கம் அண்ட் ஸ்மித், 1911இல் ராச்செஸ்டரின் வொல்லென்சாக் வெரிட்டோ. புகைப்படக் கலைஞர் ஹைன்ரிக் க்யூன், ஒளியியலாளர் ஃபிரான்ஸ் ஸ்டேபிள் ஆகியோரின் உழைப்பிலிருந்து ரோடன்ஸ்டாக்கின் இமாகான் 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தது.

வாங்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, மென்மையைக் கூட்டிக் குறைக்க லென்ஸில் என்ன வழி இருக்கிறது என்பதே. பேரும் புகழும் அதற்குப் பிறகு. வெரிட்டோ போன்றவற்றில் துளைதான் கட்டுப்பாடு. எஃப்/4இல் முகம் ஒளியில் மிதக்கும்; எஃப்/5.6 அருகில் அடக்கமாகும். எஃப்/8ஐத் தாண்டினால் ஏறக்குறைய சாதாரண லென்ஸாகிவிடும். பயன்படும் எல்லை இரண்டு ஸ்டாப்புக்குள் அடங்குவதால், விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் படம் மாறும். குக் போர்ட்ரெயிட் வகைகளிலும் ஃபோய்க்ட்லேண்டரின் யுனிவர்சல் ஹெலியாரிலும் கண்ணாடிகளின் இடைவெளியை மாற்றும் ஏற்பாடு உண்டு. அங்கே துளை தனி, மென்மை தனி.

இமாகானின் வழி வேறு. லென்ஸுக்கு முன்னால் சல்லடைபோலத் துளையிட்ட உலோகத் தட்டு ஒன்று பொருத்தப்படும். நடுவில் பெரிய துளை, சுற்றிலும் சிறு துளைகள். நடுத்துளை கூர்மையைத் தருகிறது, ஓரத் துளைகள் மென்மையைத் தருகின்றன. தட்டின் வளையத்தைத் திருப்பினால் ஓரத் துளைகள் கொஞ்சம் கொஞ்சமாக மூடும். எவ்வளவு கூர்மைக்கு எவ்வளவு மென்மை என்பது கண்ணெதிரே தெரிவதால், கற்றுக்கொள்பவருக்கு இதைவிடத் தெளிவான அமைப்பு இல்லை. ஃபூஜினான் எஸ்எஃப் லென்ஸ்களும் இதே முறையைச் சேர்ந்தவை. ஒரு விலையும் உண்டு: பின்னணியில் இலைகளுக்கிடையே வெயில் புள்ளி இருந்தால், அந்தப் புள்ளி சல்லடைத் துளைகளின் வடிவத்தில் பூப்போலச் சிதறித் தெரியும். தென்னந்தோப்பைப் பின்னணியாக வைத்து எடுப்பவர் இதை முன்கூட்டியே கிரவுண்டு கிளாஸில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபோகஸ் செய்யும் முறையும் சாதாரண லென்ஸிலிருந்து மாறுபடும். கோளப் பிறழ்ச்சி உள்ள லென்ஸில் துளையைச் சுருக்கினால் ஃபோகஸ் தளமே நகர்ந்துவிடும். எந்தத் துளையில் படம் எடுக்கப்போகிறோமோ அதே துளையில், இமாகானாக இருந்தால் தட்டைப் பொருத்திய நிலையில், ஃபோகஸ் செய்ய வேண்டும். கண்மணியில் விழும் ஒளிப்புள்ளியைப் பிடிப்பதே பழகியவர்களின் வழக்கம்.

குவியத் தூரம் கேமராவின் அளவைப் பொறுத்தது. 4×5 அங்குல ஃபிலிமுக்கு 210 முதல் 300 மி.மீ. வரை முகத்துக்கு நன்றாக இருக்கும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஃபுல் பிளேட் என்று சொல்லும் 6½×8½ அங்குலத்துக்கு 11½ அங்குல வெரிட்டோவும், 8×10 அங்குலத்துக்கு 14½ அங்குல வெரிட்டோவும் செய்யப்பட்டன. இங்கே துருத்தியின் நீளத்தை அளந்து பார்க்காமல் வாங்கி ஏமாறக் கூடாது. 8×10 அங்குலத்தில் தலையும் தோளும் நிறையும்படி எடுக்க, பிம்பம் உருவத்தில் ஏறக்குறைய பாதி அளவு வர வேண்டும். அப்போது 14½ அங்குல லென்ஸுக்குத் துருத்தி 55 செ.மீ. நீள வேண்டும், வெளிச்சமும் ஒரு ஸ்டாப்புக்கு மேல் குறையும். லென்ஸின் எடையை முன்பலகை தாங்குமா என்பதும் கேள்வி. ஆலப்புழையில் ஆர்மோனியப் பட்டறை வைத்திருந்த குடும்பத்திலிருந்து 1940களில் பிறந்த வாகீஸ்வரி கேமரா தேக்கும் பித்தளையும் கொண்டது. நல்ல நிலையில் இருக்கும் வாகீஸ்வரி கிடைத்தால், அதன் துருத்தி எவ்வளவு நீள்கிறது என்று பார்த்த பின்பே லென்ஸைத் தேட வேண்டும்.

பழைய லென்ஸ்கள் பலவும் ஷட்டர் இல்லாமல் வெறும் பித்தளைக் குழலாகவே கிடைக்கும். ஐஎஸ்ஓ 100 ஃபிலிமை வெளி நிழலில் எஃப்/4இல் எடுக்க வினாடியில் 250இல் ஒரு பங்கு தேவைப்படும். மூடியைக் கழற்றி மாட்டி அதைச் செய்ய முடியாது. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிலிமுக்குப் பதில் ஐஎஸ்ஓ 6 அளவிலான புகைப்படத் தாளை நெகட்டிவாக வைத்தால் எக்ஸ்போஷர் இரண்டு வினாடியாக நீளும். அதற்கு மூடியே போதும்.

கலரில் எடுக்க விரும்புபவர் பிங்க்கம் அண்ட் ஸ்மித்தின் செமி-அக்ரோமேட்டிக் வகையைத் தவிர்ப்பது நல்லது. அதில் நிறப் பிறழ்ச்சியும் பாதி விட்டுவைக்கப்பட்டிருப்பதால் விளிம்புகளில் நிறம் கசியும். கறுப்பு வெள்ளையில் அதே குறை அழகு.

இவ்வளவு செலவு எதற்கு, சாதாரண லென்ஸில் எடுத்துவிட்டு என்லார்ஜரில் வலைத்துணி பிடித்தால் போதாதா என்று கேட்பவர் உண்டு. போதாது. நெகட்டிவில் இருட்டும் வெளிச்சமும் இடம் மாறியிருப்பதால், என்லார்ஜரில் மென்மையாக்கினால் கறுப்பு வெள்ளைக்குள் கசியும். கூந்தலின் கறுமை நெற்றியில் அழுக்காகப் படியும். கேமராவின் முன்னால் மாட்டும் ஃபில்டர் அந்தத் தவறைச் செய்யாது, செலவும் குறைவு. ஆனால் அது படம் முழுவதையும் ஒரே சீராக மூடும். கூர்மையிலிருந்து மென்மைக்குப் படிப்படியாக இறங்கும் அந்த ஆழம் அதில் வராது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் முகத்தை வழுவழுப்பாக்கியது பெரும்பாலும் லென்ஸ் அல்ல, நெகட்டிவின் மேல் பென்சிலால் செய்த டச்சிங். அது முகச் சுருக்கத்தை மறைக்கும், ஒளியைக் கொண்டுவராது.

ஈரப்பதம் மிகுந்த தென்கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பழைய லென்ஸ் வாங்குபவர் பூஞ்சையைத்தான் முதலில் தேட வேண்டும். டார்ச்சை லென்ஸின் பின்னாலிருந்து சாய்வாக அடித்தால் சிலந்தி வலை போன்ற இழைகளும், ஒட்டிய கண்ணாடிகள் விலகிய இடத்தில் வானவில் நிறமும் தெரியும். “மென்மையான லென்ஸ்தானே, கொஞ்சம் மங்கல் இருந்தால் என்ன” என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். மங்கிய கண்ணாடி படம் முழுவதையும் வெளுக்க வைக்கும், அடியில் கூர்மையும் இருக்காது. வாங்கிய பிறகு சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது கட்டாயம்.

முதன்முதலாக வாங்குபவருக்கு, 4×5 கேமரா இருந்தால், ஷட்டரில் பொருத்திய 250 மி.மீ. இமாகான் அல்லது ஃபூஜினான் எஸ்எஃப் போதுமானது. இமாகான் இப்போது தயாரிப்பில் இல்லாததால் பழையதாகத்தான் கிடைக்கும். அதன் மூன்று சல்லடைத் தட்டுகளும் கூட இருக்கின்றனவா என்று கேட்டு வாங்க வேண்டும். தட்டுகள் தொலைந்த இமாகானுக்கு முழு விலை கொடுப்பது வீண்.