மைனஸ் 27: வீட்டு இணையத்தின் எல்லைக்கோடு

ஃபைபர் இணைப்பு படுத்துவிட்டது என்று புகார் கொடுத்ததும் வரும் டெக்னீஷியன் முதலில் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. சுவரோரப் பெட்டியிலிருந்து மெல்லிய கேபிளைக் கழற்றி, கையிலிருக்கும் பவர் மீட்டரில் செருகுகிறார். மைனஸ் 19 என்று காட்டினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. மைனஸ் 28 என்றால் ஏணியை எடுக்க வேண்டியதுதான்.

அந்த எண்ணின் அலகு டிபிஎம். ஒரு மில்லிவாட் ஒளிக்கு அது பூஜ்யம். அங்கிருந்து 3 டெசிபல் இறங்கினால் ஒளி பாதியாகும். 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். பரவலாகப் புழங்கும் ஜிபான் முறையின் 'பி பிளஸ்' வகையில், வீட்டுப் பெட்டிக்கு வரும் ஒளி மைனஸ் 27க்குக் கீழே போகக் கூடாது. அது வெறும் 2 மைக்ரோவாட்.

இணைய நிறுவனத்தின் நிலையத்திலிருந்து பிளஸ் 3 அளவில், அதாவது 2 மில்லிவாட்டாக ஒளி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் அதை 32 வீடுகளுக்குப் பங்கிடும் ஸ்ப்ளிட்டர் மட்டுமே சுமார் 17 டெசிபலை எடுத்துக்கொள்ளும். ஐந்து கிலோமீட்டர் கண்ணாடி இழையில் போவது இரண்டுக்கும் குறைவு. கனெக்டர்களையும் ஜாயின்ட்களையும் சேர்த்தாலும், ஒழுங்காகப் போட்ட லைனில் மைனஸ் 18 அளவில் ஒளி வந்து சேர வேண்டும்.

கண்ணாடி இவ்வளவு தெளிவானது லேசில் நடந்ததல்ல. கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இழப்பைக் கொண்டுவந்தால் ஒளியில் தகவல் அனுப்பலாம் என்று பொறியாளர்கள் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966இல் எழுதியபோது, புழக்கத்திலிருந்த கண்ணாடி அதற்கு அருகில்கூட இல்லை. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இழையில் 1550 நானோமீட்டர் ஒளிக்கு இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல்தான்.

ஆகவே, பெரும்பாலும் குற்றவாளி கண்ணாடி அல்ல. அதைக் கையாளும் விதம். ஒளி ஓடும் மையப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான், தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கோ ஒரு தூசியோ கனெக்டர் முனையில் ஒட்டினால் ஒளி தடைபடும். பச்சை கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீலத்தில் சாய்வு கிடையாது. ஒன்றோடு மற்றொன்றைச் செருகினால் நடுவே இடைவெளி விழுந்து பல டெசிபல் போய்விடும். மேசைக் காலில் இறுக்கிச் சுற்றிய கேபிளிலும் வளைவு வழியே ஒளி கசியும். கடலடி கேபிளிலாவது வழிநெடுக ஒளிப்பெருக்கிகள் உண்டு. நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை, இழந்தது இழந்ததுதான்.

மைனஸ் 26இல் லைனை ஒப்படைத்துவிட்டுப் போவது அரைகுறை வேலை. அன்றைக்கு நெட் ஓடும். இன்னும் ஒரு ஜாயின்ட், கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால் அறுந்து அறுந்து வரும். எனவே, புது இணைப்பு கொடுக்கும் நாளிலேயே "பவர் எவ்வளவு வருது?" என்று கேளுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் பெட்டியின் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய கேபிளின் முனையை மட்டும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.