இட்லி மாவில் ஓர் உயிரியல் பாடம்

உயிருள்ளது எது, உயிரற்றது எது? பள்ளிப் பாடப்புத்தகம் இதற்கு ஒரு பட்டியல் தருகிறது: உண்ணும், சுவாசிக்கும், வளரும், கழிவை நீக்கும், இனம் பெருக்கும். மனப்பாடம் செய்தால் மதிப்பெண் நிச்சயம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? "அப்போ நெருப்பு?" என்று கேட்டுவிடுவார்கள். நெருப்பும் விறகைத் தின்கிறது, காற்றை இழுக்கிறது, வளர்கிறது, பரவுகிறது. கோவேறு கழுதையோ பொதுவாகக் குட்டி போடுவதில்லை. அதை உயிரற்றது என்போமா?

தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்தது. நடமாடாததும் உயிர்தான் என்பது நம் முன்னோருக்குத் தெரியும். சரி, கண்ணுக்கே தெரியாத உயிரை எப்படி அறிவது?

அதற்கான சோதனைச்சாலை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. சென்னையில் இரவு கரைத்து வைத்த மாவு விடியும்போது பொங்கி நிற்கும். தில்லியின் ஜனவரிக் குளிரில் அசையாமல் கிடக்கும். எங்கள் வீட்டில் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றுவோம். "இந்த ஊர்ல மாவுக்கும் ரஜாய் கேக்குது" என்பாள் என் மனைவி. அது வேடிக்கைப் பேச்சு மட்டுமல்ல, உயிரியலும்கூட.

உளுந்தோடு வரும் பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. அமிலத்தால் புளிப்பு, வாயுவால் பொங்கல். குளிரில் அவற்றின் உள்வேலை மந்தமாகிவிடும். லாக்டிக் புளிப்பு உயிர்களின் வேலையே என்று 1857-இல் எடுத்துரைத்தவர் லூயி பாஸ்டர்.

ஆப்ப சோடா போட்டாலும் மாவு உப்புமே என்பீர்கள். உண்மை. வருவதும் அதே கரியமில வாயுதான். ஆனால் சோடா அமிலத்தோடு வினைபுரிந்து தீர்ந்துபோகும், அத்தோடு சரி. பாக்டீரியா அப்படியல்ல. சர்க்கரையிலிருந்து பெற்ற ஆற்றலைக் கொண்டு தன் உடலைப் பழுதுபார்க்கிறது, வளர்கிறது, இரண்டாகப் பிரிகிறது. பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலந்தால் அதுவும் பொங்குவது இதனால்தான்.

ஆக, உயிருக்கு மூன்று வேண்டும் என்பேன். உள்ளே வெளியே என்று பிரிக்கும் உறை, ஆற்றலைப் பெற்றுத் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை, அந்த வேலைக்கான குறிப்பாகிய டி.என்.ஏ. நெருப்பு பரவினாலும் அதற்கு உறையும் இல்லை, குறிப்பும் இல்லை. கோவேறு கழுதையின் செல்களில் மூன்றும் உண்டு.

வைரஸ்தான் எல்லைக்கோட்டில் நிற்கிறது. புகையிலைத் தேமல் வைரஸை 1935-இல் வெண்டெல் ஸ்டான்லி உப்பைப் போலப் படிகமாக்கிக் காட்டினார். அந்தப் படிகம் செடியில் நோயையும் உண்டாக்கியது. வைரஸிடம் குறிப்பு உண்டு, பட்டறை இல்லை. பிறர் செல்லுக்குள் புகுந்தே பெருகும். அது உயிரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

பிள்ளைகளிடம் இரண்டு டம்ளர் மாவைக் கொடுத்து, ஒன்றை வெதுவெதுப்பான இடத்திலும் மற்றதை ஃப்ரிட்ஜிலும் வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் ஃப்ரிட்ஜ் மாவை வெளியே வைத்தால் அதுவும் மெல்லப் பொங்கும். அடங்கிக் கிடப்பது வேறு, செத்துப்போவது வேறு என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.